'ஆர்கானிக்' முட்டை: ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்...

பல்லடம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கறிக்கோழிக் கொட்டகைதான். அவற்றுக்கு நடுவே, இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறார் ஒரு பெண் விவசாயி. முட்டைக்கோழிகள் மட்டும் 80. பகல் முழுக்க மரத்தடியில் கிளறி மேயும். பொழுது சாய்ந்தால் கொட்டகைக்குத் திரும்பிவிடும்.

சிறுவிடை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். இடையிடையே அடைக்கு உட்கார்ந்துவிடும். கூண்டில் வளரும் நாமக்கல் வெள்ளைக்கோழியோ 300-க்கும் மேல் இடும். 80 கோழி இருந்தும், குஞ்சு பொரிக்க ஒதுக்கியது போக, அவர் கையில் நாளைக்கு 12 முட்டை மிஞ்சினால் அதிகம். நாட்டு முட்டைக்கு ஏன் கூடுதல் விலை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

முட்டை வாங்கும் திருப்பூர் கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: "அக்கா, டப்பா மேல 'ஆர்கானிக்'னு ஒட்டிக் குடுங்க. முட்டைக்கு 5 ரூபா சேர்த்துத் தர்றேனுங்க."

மாதம் 1,800 ரூபாய். மகளின் கல்லூரிப் பேருந்துச் செலவுக்கு ஆகும். தோப்புக்கு ரசாயன உரமே போடுவதில்லை, கோழிக்கும் ஊசி மருந்து அதிகம் இல்லை. ஒட்டினால் என்ன தப்பு? அவர் அங்ககச் சான்று அலுவலகத்தில் விசாரித்தார்.

முதல் சிக்கல், தீவனம். கோழி மேய்ந்தால் மட்டும் போதாது. தின்னும் தானியமும் அங்கக முறையில் விளைந்திருக்க வேண்டும். அவர் வாங்குவது கடை மக்காச்சோளம். 2018-ல் அமெரிக்கன் படைப்புழு வந்த பிறகு, மருந்து அடிக்காத மக்காச்சோளக் காட்டைப் பார்ப்பதே அரிது. இரண்டாவது, நிலம். தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிப்படி ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு மாற்றுக் காலம் உண்டு. பதிவேடும் ஆய்வும் தனி.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டால் சான்றிதழ் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. நோய் பரவும் பகுதியில் தடுப்பூசிக்கு விதிகள் இடம் தருகின்றன. எடை ஏற்றுவதற்காகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்தான் கூடாது.

சிறு உற்பத்தியாளருக்கு ஒரு சலுகையும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர், நுகர்வோரிடம் நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால், 'ஜெய்விக் பாரத்' முத்திரையைப் போட முடியாது. சான்றிதழ் வேண்டாம் என்பதால், கடைச் சோளம் போட்ட முட்டை அங்கக முட்டை ஆகிவிடாது. கடை வழியாக விற்பது நேரடி விற்பனையும் ஆகாது.

மற்ற அடையாளங்களை நம்பலாமா? ஓடு பழுப்பாக இருப்பது இனத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 200 முட்டை வரை இடும் கிராமப்பிரியாவும் பழுப்பு முட்டைதான் இடும். மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பது தீவனத்தைப் பொறுத்தது. மக்காச்சோளமோ செண்டுமல்லி இதழோ கலந்தால் கூண்டுக்கோழியின் கருவும் சிவக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஓட்டின் மேலேயே எண் அச்சிடுகிறார்கள்: 0 என்றால் அங்ககம், 1 மேய்ச்சல், 2 கொட்டகைத் தரை, 3 கூண்டு. நம்மூர் முட்டையில் அப்படி எண் இல்லை. அதனால், 'ஃப்ரீ ரேஞ்ச்' என்று எழுதியிருந்தால் எழுதியவரின் பண்ணையைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

"தம்பி, சோளம் கடைல வாங்குறதுங்க. அந்தப் பேரு வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டார். பழைய விலையே தொடர்கிறது. டப்பாவில் இப்போது இருப்பது மூன்று வரி: 'சிறுவிடைக் கோழி முட்டை. பகலில் மேய்ச்சல், உடன் கடை மக்காச்சோளம். முட்டை எடுத்த தேதி.' தேதியைப் பார்த்து வாங்குவோர் சிலர் தோப்புக்கே வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த வேலையையும் தொடங்கிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நால்வரோடு சேர்ந்து பி.ஜி.எஸ். குழு அமைக்கப் பேச்சு நடக்கிறது. இந்தப் பங்கேற்பு உத்தரவாத முறைக்குக் குறைந்தது 5 விவசாயிகள் வேண்டும்; ஒருவர் தோட்டத்தை மற்றவர் ஆய்வு செய்வார்கள். தனிச் சான்றிதழைவிடச் செலவு குறைவு. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும்.

தீவனத்துக்காக ஆடிப்பட்டத்தில் அரை ஏக்கர் நாட்டுச்சோளமும் கம்பும் விதைத்திருக்கிறார். வரப்பை ஒட்டிய பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தால் சாரல் படாமலிருக்க, ஓரத்தில் அகத்தி நட்டிருக்கிறார்.