நண்பனிடம் விடைபெற்று

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது இங்கிலாந்தின் கால்பந்துக் களங்கள் உடனே மூடப்படவில்லை. ஆட்டக்காரர்கள் தத்தம் சங்கங்களோடு ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டிருந்தனர்; பருவம் முடியும்வரை ஆடியே தீர வேண்டும். நாடு போரில் இருக்கையில் பந்து விளையாட்டா எனப் பழிச்சொல் எழுந்தது. வாரக் கூலிக்கு ஆடிய உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள்மீது அச்சொல்லை வீசுவது எளிதாகத்தான் இருந்திருக்கும்.

அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று இலண்டனின் ஃபுல்லம் நகர மன்றத்தில், கால்பந்து வீரர்களுக்கென மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆம் அணி தொடங்கப்பெற்றது. இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிவந்த கிளாப்டன் ஓரியன்ட் சங்கத்திலிருந்து ஆட்டக்காரர், ஊழியர், ஆதரவாளர் என ஏறத்தாழ நாற்பது பேர் அப்படையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் வில்லியம் ஜோனஸ்.

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வடகிழக்கு இங்கிலாந்தில் வளர்ந்த ஜோனஸ், 1912இல் ஓரியன்ட்டின் முன்கள ஆட்டக்காரரானார். கோல் அடிப்பதில் அச்சங்கத்தில் முன்னின்ற ரிச்சர்ட் மெக்ஃபேடன் அவருடைய இளமைக்கால நண்பர். ஜோனஸுக்கு வாரந்தோறும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மடல்கள் பெண்களிடமிருந்து வந்து குவிந்தன. தாம் மேரி ஜேனை மணந்து இனிதே வாழ்வதாகவும், இனி எழுத வேண்டா எனவும் சங்கத்தின் ஆட்ட நிரல் இதழ் வழியே அவர் கேட்டுக்கொண்டார். போர்வீரர் வரலாறுகளில் இத்தகைய செய்திக்கு இடம் கிடைப்பது அரிது. ஆயினும், அவர் இன்னார் எனக் காட்ட இதனினும் ஏற்றது வேறில்லை.

1915 ஏப்ரல் 24 அன்று பருவத்தின் இறுதி ஆட்டம். லெஸ்டர் ஃபாஸ் அணியை 2-0 என வென்றபின், ஓரியன்ட் வீரர்கள் படையுடை அணிந்து, திரண்டிருந்த கூட்டத்தின்முன் அதே திடலில் அணிவகுத்தனர்.

அடுத்த ஆண்டு சோம் போர்க்களம். ஜூலை 27 அன்று, குண்டுவீச்சில் மரங்களெல்லாம் கருகிய முளைகளாய் எஞ்சிய டெல்வில் காட்டில், நண்பர் இருவரும் ஒரே பதுங்குகுழியில் சிக்கிக்கொண்டனர். ஜோனஸ் மெக்ஃபேடனிடம் விடைபெற்றார். தம் மேரி ஜேனுக்கு அன்பும் ஓரியன்ட் தோழர்களுக்கு வாழ்த்தும் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, குழியைவிட்டு மேலே தாவினார். நண்பர் மறுமொழி கூற வாய்திறக்குமுன்னரே அவர் உயிர் பிரிந்தது. மெக்ஃபேடன் சங்கத்திற்கு எழுதிய மடல் இதற்குச் சான்று. களத்தில் எத்தனையோ கோல்கள் அடித்தவர், அம்மடலை எழுதத் தொடங்கும்முன் எவ்வளவு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!

ஆகஸ்டில் அதே சங்கத்தின் ஜார்ஜ் ஸ்காட் மாண்டார். அக்டோபர் 23 அன்று, காயமுற்றிருந்த மெக்ஃபேடனும் இறந்தார். அவருக்குக் கூவான் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில் கல்லறை உண்டு. ஜோனஸுக்கு அதுவும் இல்லை. கல்லறை அறியப்படாத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட தியப்வால் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் இருக்கிறது. அங்கே அவர் கால்பந்து ஆடியவர் என்ற குறிப்பு ஏதும் இல்லை.