சாவி ஒண்ணுதான், பூட்டு திறக்கல

மூணு நாளா ராத்திரி தூக்கம் இல்லை. காரணம் காதல் இல்லைங்க, ஏஇஎஸ் :-)

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஆண்ட்ராய்டு ஆப் என் பொறுப்பு, ஜாவா. சர்வர் என் ரூம்மேட் பொறுப்பு, பிஹெச்பி. ஆப் என்க்ரிப்ட் பண்ணி அனுப்புற மெசேஜை சர்வர் திறக்கணும், அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் ஏஇஎஸ்-256, சிபிசி மோடு, ஒரே பாஸ்வேர்டு. அதுக்கு எஸ்ஹெச்ஏ-256 போட்டா வர்ற 32 பைட்தான் சாவி. பேப்பர்ல எழுதி ஒவ்வொண்ணா டிக் அடிச்சாச்சு. ஆனா சர்வர் ஃபால்ஸ், ஃபால்ஸ்னே சொல்லிட்டு இருந்தது. "உன் கோடுலதான் தப்பு மச்சி"ன்னு அவன். "போடா, உன் சர்வர்ல"ன்னு நான். ரெண்டாவது நாள் பேச்சே நின்னு போச்சு. வெள்ளிக்கிழமை டெமோ.

நாங்க பண்ணின முதல் முட்டாள்தனம், ரெண்டு பக்கமும் என்க்ரிப்ட் ஆகி வர்றதைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டது. சிபிசியில ஒவ்வொரு தடவையும் ஐவின்னு புதுசா 16 ரேண்டம் பைட் சேர்க்கறோம். அதனால ஒரே மெசேஜ் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதான் வரும், வரணும். ஒரே ஆப்ல ரெண்டு தடவை ஓட்டினாலே பொருந்தாது! ஒப்பிட வேண்டியது உள்ளே போற சாவியை.

மூணாவது நாள்தான் அது உறைச்சது. ஆப்ல சாவியை ஹெக்ஸா பிரிண்ட் பண்ணினேன். அவனை பின்2ஹெக்ஸ் போட்டு அனுப்பச் சொன்னேன் (ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு வாட்ஸ்அப்ல!). என்னுது 93-ல ஆரம்பிக்குது. அவனுது 39 33. உத்துப் பார்த்தா, அவனோட ஒவ்வொரு பைட்டும் 3-லயோ 6-லயோதான் ஆரம்பிக்குது. ரேண்டமா தெரிய வேண்டிய சாவி இப்படியா இருக்கும்? அப்புறம் பொறி தட்டிச்சு. '9'ங்கிற எழுத்தோட ஆஸ்கி ஹெக்ஸ்ல 39, '3'-க்கு 33. அவன்கிட்ட இருந்தது சாவி இல்லை, சாவியோட நம்பரை எழுதின துண்டுச் சீட்டு!

பிஹெச்பியோட ஹாஷ் ஃபங்ஷனுக்கு மூணாவதா ட்ரூ கொடுக்கலைன்னா அந்த 32 பைட்டை 64 ஹெக்ஸ் எழுத்தா மாத்தித்தான் தரும். அதை வாங்கின ஓபன்எஸ்எஸ்எல் ஃபங்ஷன், நீளம் ஜாஸ்தின்னு ஒரு வார்த்தை சொல்லாம முதல் 32 எழுத்தை வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிடுச்சு. நீளம் கம்மியா இருந்தாலும் சத்தமில்லாம சைபர் போட்டு நிரப்பிக்கும். ஜாவா இந்த விஷயத்துல கறாரான வாத்தியார். 64 பைட் கொடுத்திருந்தா அப்பவே எக்ஸப்ஷன் அடிச்சு வெளியே நிறுத்தியிருக்கும்.

ட்ரூ சேர்த்தான். சர்வர் திறந்துடுச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கறதுக்குள்ள சர்வர்ல இருந்து வந்த பதில் ஆப்ல தெரியுது: முன்னாடி 16 பைட் குப்பை, அப்புறம் மெசேஜ் சுத்தமா. இது என் தப்பு. அவன் முறையா ஐவியை முன்னாடி வச்சு அனுப்பியிருக்கான். நான் அதைப் பிரிச்சு எடுக்காம, எங்கேயோ காப்பியடிச்ச கோடுல இருந்த எல்லாம் சைபரான ஐவியை வச்சு மொத்தத்தையும் டிக்ரிப்ட் பண்ணியிருக்கேன்.

இதை வாட்ஸ்அப்ல சொல்ல மனசு வரலை. அவன் கட்டில்கிட்ட போய் நின்னு சொன்னேன். லேப்டாப்ல இருந்து தலையைத் தூக்காமலே, "அப்போ இன்னிக்கு டீ உன் கணக்கு"ன்னான்.

டெமோ முடிஞ்சது. பாஸ்வேர்டை ஆப்புக்குள்ளயே வச்சா யார் வேணாலும் ஆப்பைப் பிரிச்சு எடுத்துடலாமேன்னு கைடு கேட்டதுக்கு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.