கையுறை போட்ட கை

“அம்மப்பா, மாசியிலை கபானுக்கு வேலைக்குப் போறன். என்னென்ன சாமான் வாங்க வேணும்?” போன கிழமை பேரன் கேட்டான். மேப்பிள் பாணி காய்ச்சும் இடத்தைக் கியூபெக்கில் நாங்கள் கபான் என்றுதான் சொல்வது. படிப்புக்கு நடுவே ஒரு பருவம் காட்டில் குழாய் வேலை செய்யப் போகிறான். ஏழெட்டுக் கருவிகளின் படங்களைத் தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்தான்.

“ஒண்டும் வாங்காதை. முதல் ரெண்டு கிழமை அவையின்ரை சாமானாலை வேலை செய். பிறகு வாங்கு” என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அவனுக்கும், முதன்முதல் கையால் உழைக்கப் போகும் அவன் வயதுப் பிள்ளைகளுக்கும்.

நான் இந்த வேலையைப் பழகியது 1998இல். அந்த வருடம் தை மாதத் தொடக்கத்தில் நாட்கணக்கில் உறைமழை பெய்தது. கொப்புகளில் பனிக்கட்டி ஏறி, மொன்தெரெஜிப் பக்கத்து மேப்பிள் காடுகள் முறிந்து விழுந்தன. மரத்து நீரைக் கொண்டுபோக மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்த குழாய்கள் கொப்புகளுக்கு அடியில் கிடந்தன. இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்கள் வந்துவிட்டால் மரத்தில் நீர் ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் சரிக்கட்டியாக வேண்டும். நான் வேலை செய்த தொழிற்சாலை மின்சாரமில்லாமல் பூட்டிக் கிடந்ததால், ஒரு சிநேகிதன் காட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

போகும் வழியில் ஒரு கடையில் குழாய் வெட்டும் கத்தரி ஒன்று மலிவாக வாங்கினேன். சொந்தச் சாமானோடு போனால் மதிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் கத்தரி குழாயை முதலில் நசுக்கி, பிறகுதான் வெட்டும். வெட்டு முகம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். குளிரில் விறைத்த குழாயை இணைப்பின் பற்களுக்கு மேல் பலங்கொண்ட மட்டும் தள்ளிப் பொருத்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலு நாளில் எத்தனையோ மூட்டுகள் போட்டேன்.

குழாய்வழி நீரை இழுக்கும் பம்ப் ஓடத் தொடங்கிய நாளில் தோட்டக்காரக் கிழவர் என்னைக் குழாய் வழியே நடத்திக்கொண்டு போனார். குழாய்க்குள் நீரோடு குமிழ்கள் போய்க்கொண்டிருந்தன. ஓரிடம் வரை மெதுவாக ஊர்ந்தவை, அதைத் தாண்டியதும் விரைந்து ஓடின. “பார்” என்றார். அந்த மூட்டை வெட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குழாயின் வாய் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் நகத்தளவு மெல்லியதாகவும் இருந்தது. மெல்லிய பக்கத்தில் பிறை வடிவில் ஒரு வெடிப்பு. தலைமயிர் நுழையுமோ தெரியாது, காற்று நுழைந்தது.

நல்ல பம்ப் பாதரச அளவில் 25 அங்குலமும் அதற்கு மேலும் வெற்றிடம் இழுக்கும். ஒரு வெடிப்பால் காற்று புகுந்தால் அந்த ஒரு மரத்தின் நீர் மட்டும் குறைவதில்லை, அந்தக் குழாயில் தொங்கும் எல்லா மரங்களுக்கும் இழுவை தளரும். ஏறத்தாழ 40 லீற்றர் நீர் காய்ச்சித்தான் 1 லீற்றர் பாணி. என் மலிவுக் கத்தரியின் விலையை வேறொருவர் அடுப்படியில் கட்டிக்கொண்டிருந்தார். அன்றைய வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

இந்த வேலைக்கென்றே இரண்டு கைப்பிடி உள்ள கருவி இருக்கிறது. ஒவ்வொரு கைப்பிடியிலும் குழாயைக் கவ்வும் ஒரு தாடை, நடுவில் கத்தி. இழுத்துக் கட்டிய குழாயைச் சும்மா வெட்டினால் இரண்டு நுனியும் தெறித்து விலகிப் போகும். இது இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வெட்டும். இடையில் இணைப்பை வைத்துக் கைப்பிடிகளை நெருக்கினால் இரண்டு நுனியும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். வாங்குமுன் ஒரு துண்டுக் குழாயை அதில் கவ்வ வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். இரண்டு நுனியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், மயிரிழையும் விலகக்கூடாது. கத்தியைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார். 5/16 அங்குலக் குழாய்க்குச் செய்த தாடை 3/16 அங்குலத்தைச் சரியாகப் பிடிக்காது. காட்டில் எது ஓடுகிறதென்று தெரிந்த பிறகு வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

கடையில் வெறுங்கையால் தொட்டுப் பார்த்து எடுத்துவிடாதே. கையுறையைக் கொண்டு போ. போட்டுக்கொண்டு இருபது தரம் விரித்து நெருக்கிப் பார். என் கை சின்னது. அங்கிருந்த நெடுவல் பெடியன் ஒருவனின் கருவி எனக்கு அகலம் கூடியது. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். அவனுக்கோ அது பொம்மை மாதிரி. ஆக நல்ல கருவி எதென்று யாரிடமும் கேட்காதே, உன் கைதான் சொல்ல வேணும்.

பிளாஸ்க்கில் சுடுதண்ணி கொண்டு போக மறக்காதே. நுனியை அதில் தோய்த்தால் இளகி, தானே ஏறும். நெருப்புக் காட்டுகிறவர்களையும் வாயில் வைத்து வெதுவெதுப்பாக்குகிறவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டும் வேண்டாம். நெருப்புப் பட்டால் பிளாஸ்ரிக் கெடும். வாய்க் கிருமி நீர் போகும் வழிக்குள் போகும். கிருமி பெருகினால் மரத்தின் துளை சீக்கிரம் அடைபட்டுவிடும்.

துளைக்கும் அலகு மேப்பிளுக்கென்று தனியாக இருக்கட்டும். ஊரில் பனை சீவ வருகிறவர் பாளைக்கத்தியைத் தீட்டாமல் மரத்தில் கால் வைக்க மாட்டார். இங்கேயும் அதே கணக்குத்தான். மழுங்கிய அலகு துளையின் சுவரைத் தேய்த்துக் கெடுக்கும். நேரே உள்ளே போய் நேரே வெளியே வா. கை ஆடினால் துளை நீள்வட்டமாகும், நீர் வடிய அதில் அடிக்கும் முளை இறுகாது. வரும் தூளை ஒவ்வொரு தரமும் பார். வெண்மையாக வந்தால் உயிர் மரம். மண்ணிறமாக வந்தால் பழைய காயம், நீர் வராது. சுத்தியல் மெல்லியது போதும். முளை இறங்கும்போது சத்தம் மாறும், அந்த இடத்தில் நிறுத்து. அதற்கு மேல் அடித்தால் மரம் பிளக்கும்.

எல்லாக் கைப்பிடியிலும் செம்மஞ்சள் நாடா சுற்று. முழங்காலளவு வெண்பனியில் விழுந்த கருவி சித்திரையில்தான் திரும்பக் கிடைக்கும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, நிலவறையிலிருந்து என் பழைய கருவியை எடுத்துக் காட்டினேன். பேரன் தன் குளிர்க் கையுறையைப் போட்டுக்கொண்டு பிடித்தான். அவன் கை அகலம். கைப்பிடிக்கு வெளியே சின்னவிரல் தொங்கியது. “இதையே தாங்கோ அம்மப்பா” என்றான். தருவதற்கு எனக்கும் ஆசைதான். அந்தச் சின்னவிரலைப் பார்த்தேன். கருவியை வாங்கி எண்ணெய் பூசி உள்ளே வைத்துவிட்டு, பிளாஸ்க்கை மட்டும் கொடுத்து விட்டேன்.