பெண்டிங் போர்வை

ஆபீஸில் ஒரு ஃபைல் ஆறு மாசம் நகராவிட்டால் மெமோ வரும். எங்கள் வீட்டில் ஒரு உருப்படி இருபத்தைந்து வருஷம் நகராமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. யாரும் மெமோ கொடுக்கவில்லை. அம்மா மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் 15 அன்று டி.வி.யில் கொடி ஏற்றும்போது, பெட்டி இருக்கும் மூலையைப் பார்ப்பாள். நான் உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

உருப்படி என்றால் போர்வை. ஒட்டுத்துணிப் போர்வை. அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு கம்பளியைச் சொல்ல வேண்டும்.

அப்பா தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வத்தல்மலையில் வாத்தியார். தர்மபுரியிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற மலைதான். ஆனால் அப்போது மேலே போக ரோடு கிடையாது. திங்கட்கிழமை அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினால், வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். ஒரு மார்கழியில் மேலேயே விஷக் காய்ச்சல் வந்து விழுந்துவிட்டார். மூணாயிரம் அடிக்கு மேலே, மார்கழிக் குளிர். பக்கத்து வீட்டு அம்மாள் தான் போர்த்தியிருந்த கம்பளியை உருவிக் கொடுக்க, அதையே மூங்கிலில் டோலியாகக் கட்டி, நாலு பேர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். கம்பளிதான் ஆஸ்பத்திரியில் எங்கேயோ காணாமல் போய்விட்டது. அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு கம்பளிதான் என்று பிற்பாடு தெரிந்தது.

“கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது” என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அம்மா ஒப்பவில்லை. “அவங்க கடையில வாங்கிட்டு வந்தா குடுத்தாங்க? மேல இருந்ததை உருவில்ல குடுத்தாங்க!”

1997. சுதந்திரப் பொன்விழா. அப்பா அதற்குள் கீழே மாற்றலாகி வந்துவிட்டார். பள்ளிக்கூட விழாவுக்குப் பிள்ளைகளுக்கெல்லாம் காவி, வெள்ளை, பச்சையில் உடுப்பு தைத்தது அம்மாதான். மிஷினை மிதித்து மிதித்துக் கால் வீங்கியதுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது. ஒரு மூட்டைத் துணியும் மிச்சம். அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. அஞ்சடிக்கு ஏழடி. அரையடிக் கட்டமாக நூற்றி நாற்பது துண்டு. மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை. நடுவில் நீலத்தில் சக்கரம்! உள்ளே இரண்டு பழைய நூல் சேலையை மடித்துக் கொடுத்து ஓட்டுத்தையல் போட்டால் கம்பளி தோற்றுவிடும்.

அறுபத்திரண்டு துண்டு தைத்தாயிற்று. காவி ஐந்து வரிசையும் முடிந்து, வெள்ளை ஆரம்பம். அப்போது எதிர்வீட்டு மாமா மோர் வாங்க வந்தார். (நல்லவர். ஆனால் சட்டம் தெரிந்தவர்.) “கொடியைப் போர்த்திக்கிட்டுப் படுக்கறதாம்மா? வாத்தியார் வேலைக்கே உலை வெச்சிருவே போலிருக்கே!” என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். அம்மா மிரண்டு, மிஷினை மூடினாள். அந்தக் கார்த்திகையில் அப்பா போய்விட்டார். இந்தத் தடவை டோலி கட்டித் தூக்க நேரமே கொடுக்கவில்லை. அப்புறம் அந்தத் துணியை யார் தொடுவார்கள்?

மாமா சொன்னது தப்பில்லை, சார். 1971-லேயே தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அப்போதெல்லாம் நம்மைப் போன்ற ஆசாமிகள் வீட்டில் கொடி ஏற்றவே சுதந்திர தினம், குடியரசு தினம் மாதிரி சில நாட்களுக்குத்தான் அனுமதி. 2002 ஜனவரி 26-ல் புதிய கொடி விதி வந்த பிறகுதான் எல்லா நாளும் ஏற்றலாம் என்று ஆனது. 2003-ல் சட்டத்தைத் திருத்தி, தலையணை உறை, கைக்குட்டை இதிலெல்லாம் கொடியைப் பொறிக்கக் கூடாது என்று தெளிவாகவே போட்டுவிட்டார்கள். அம்மாவின் முதல் டிசைன் மட்டும் முடிந்திருந்தால், அன்பளிப்போடு ஒரு வக்கீலையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

2022 ஆகஸ்ட். சுதந்திரத்தின் எழுபத்தைந்து. வீட்டுக்கு வீடு கொடி. அதே வருஷம் இன்னொரு அதிசயம்: வத்தல்மலைக்கு அரசு பஸ் விட்டார்கள்! அம்மா பேப்பரைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தாள். கண்ணோடு ஒட்டி என்று ஏன் சொல்கிறேன் என்றால், சர்க்கரை அவள் இடது கண்ணைத் தின்றுவிட்டது. வலது கண்ணும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் தேதி சொல்லவில்லை. சொல்லாததே ஒரு மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி பெட்டியைத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசனையோடு 1997 வெளியே வந்தது.

ஊசியில் நூல் கோர்க்கவே எனக்குக் கால் மணி. அம்மா சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் பிரச்னை, காவி ஐந்து வரிசையும் பட்டையாக நிற்கிறதே! அதற்குக் கீழே வெள்ளையும் பச்சையும் வைத்தால் கொடியேதான்.

“பிரிச்சிரு கண்ணு” என்றாள் அம்மா.

நல்ல கண் இருந்தபோது அவள் போட்ட தையல். எறும்பு வரிசை மாதிரி. அதைப் பிளேடு வைத்துப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. “அப்படியே வுட்டு ஓரமா சேர்க்கலாம்மா” என்று இழுத்தேன்.

“தையல் என்னடா தையல். துணி இருக்குதுல்ல?”

பிரிக்கவே மூன்று வாரம். பிறகு காவி, பச்சை, வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கலைத்துப் போட்டோம். பட்டையும் இல்லை, சக்கரமும் இல்லை. சக்கரத்துக்கு வைத்திருந்த நீலத்தைக் கிழித்து நாலு பக்கமும் ஓரம் அடித்தாயிற்று. எட்ட நின்று பார்த்தால் மலைச்சரிவில் சாமைக் கொல்லையும் கடுகுக் கொல்லையும் மாறி மாறிக் கிடக்குமே, அந்த மாதிரி. அம்மா மலையைப் பார்த்ததில்லை. அப்பா சொன்னதை வைத்துக்கொண்டு, “இங்க பச்சை வரணும்” என்பாள்.

ஆபீஸில் விஷயம் கசிந்துவிட்டது. டெஸ்பாட்ச் நண்பன் பரோபகாரி. “துண்டு பத்தலையா? நம்ம ஆபீஸ்லயே கொடி நாப்பது மிச்சம். எடுத்துக் கிழிச்சுக்க மச்சி!” என்றான். நசைந்துபோன கொடியைக்கூடத் தனியிடத்தில் மரியாதையாகத்தான் அழிக்க வேண்டும் என்று விதி இருப்பதைச் சொன்னேன். என்னை அன்று முதல் ‘தியாகி’ என்றே கூப்பிடுகிறான்.

அவனேதான் போனில் ஒன்றைக் காட்டினான். 2003-ல் அமெரிக்காவில் கேதரின் ராபர்ட்ஸ் என்ற அம்மாள், மகன் ஈராக் போருக்குப் போயிருந்தபோது, போர் பார்த்துத் திரும்பும் சிப்பாய்களுக்கு ஒட்டுப் போர்வை தைத்துக் கொடுக்கிற வேலையை ஆரம்பித்தாராம். இதுவரை மூணு லட்சத்துக்கு மேல் கொடுத்தாயிற்றாம். அவர்கள் கொடி விதியிலும் கொடியைப் படுக்கை விரிப்பாக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. மூணு லட்சம்! நான் ஒன்றுக்கே விரலில் பிளாஸ்திரி.

ஆனாலும் தாமதத்தில் எங்கள் மாவட்டத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நிலம் வாங்கினார் சுப்பிரமணிய சிவா. சிறையில் தொற்றிய தொழுநோய். ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை. அந்த உடம்போடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றினார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் சிவா அதே பாப்பாரப்பட்டியில் காலமானார். நாற்பது வயசுதான். கோயில் அடிக்கல்லோடு நின்றது. அரசு நினைவாலயமாகக் கட்டி முடித்தது 2021-ல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “பாரு, யாரோ முடிச்சுட்டாங்கல்ல” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ‘யாரோ’ என்று என்னைத்தான் சொல்கிறாள்.

அன்றிலிருந்து தினம் ராத்திரி சாப்பாடு ஆனதும் இரண்டு மணி நேரம். நான் தைப்பேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாள். “இங்க தாண்டிட்டே.” “இங்க முடிச்சு வெளிய நிக்குது, குத்தும்.” கண் தெரிந்தவன் விட்டதையெல்லாம் விரல் கண்டுபிடித்தது. கடைசியில் வெள்ளை ஒன்பது துண்டு குறைந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டியின் அடியிலிருந்து அப்பாவின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். காலரில் சாக்பீஸ் மாதிரி ஏதோ இன்னும் இருந்தது. வெட்டினேன். அது பற்றி அவ்வளவுதான்.

2023 பொங்கல் லீவில் பஸ் ஏறினோம். இருபத்துச் சொச்சம் கொண்டை ஊசி வளைவு. எண்ணிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டேன், எலுமிச்சம்பழத்தை அம்மா மூக்கில் பிடிக்க வேண்டியிருந்தது. மேலே இறங்கி, டோலியில் போன வாத்தியார் என்றதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்தது.

அம்மா போர்வையை எடுத்து நீட்டினாள். முப்பது வருஷமாக ஒத்திகை பார்த்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். கம்பளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி, தொலைந்தது...

பாட்டி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. “கம்பளியா? எந்தக் கம்பளி?”

அம்மா முகம் விழுந்துவிட்டது.

“எனக்கு அதெல்லாம் நெனப்பு இல்ல வாத்தியாரம்மா. வாத்தியாரு எம்பையனுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தாரு. அது தெரியும்.” சொல்லிவிட்டுப் போர்வையை வாங்கி, திருப்பிப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டது. மத்தியானம் பன்னிரண்டு மணி. மேகம் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. “நல்லா கனமா இருக்குது” என்றது. ராகிக் களி சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உள்ளே போனபோதும் கழற்றவில்லை. அம்மா, அது போன திசையில் அந்த நீல ஓரத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் ஹாரன் அடித்ததும் ஓடினோம். பாட்டி பின்னாலேயே வந்து ஜன்னல் வழியாக ஒரு துணிப் பையைத் திணித்தது. ரெண்டு படி சாமை, மேலே ஒரு பொட்டலம் மிளகு.

நாலாவது வளைவு வரை அம்மா பேசவில்லை. மடியில் இருந்த பையின் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

“ஏன்டா, இந்தப் பையை எப்படத் திருப்பிக் குடுக்கறது?”