பின்சீற்றுக்குக் கீழே

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போகும் எங்கள் வாகனங்களெல்லாம் துறையில் பாதையில்தான் ஏறி இறங்கின. வாப்பாவின் பீட்டில் கார் அதில் எத்தனையோ தடவை ஏறியது. சென்ற வருடம் அதற்கு இரண்டாம் கியர் விழ மறுத்தது. தேடினால் ரிவர்ஸ் உறுமியது. கராஜ் ஒன்றில் கியர்பொக்ஸையே மாற்றச் சொன்னார்கள். அந்தக் காசு என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். "வித்துப்போடு மகன்" என்றுவிட்டு வாப்பா மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்களூர் பாஸ் காக்கா பெட்டியைத் தொடவேயில்லை. பீட்டிலில் கியர்த் தடி முன்னால், பெட்டி பின்னால். இரண்டையும் இணைப்பது தரையின் நடுக்குழாய்க்குள் ஓடும் நீண்ட கோல். இந்தக் காரின் உறுப்புகளிலிருந்துதான் 1948இல் போர்ஷே 356 என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது.

காக்கா பின்சீற்றைத் தூக்கிச் சிறிய மூடியைக் கழற்றினார். கோலின் இணைப்பிலிருந்த புஷ் தேய்ந்து தூளாகியிருந்தது. புதியதைப் போட்டார். பிறகு தடியின் அடியிலுள்ள இரண்டு பொல்ட்டையும் இளக்கி, கீழ்த் தகட்டை மயிரிழையாக நகர்த்தினார். இரண்டாம் கியருக்குப் போகும் கை ரிவர்ஸில் வழுக்காமல் தடுப்பது அந்தத் தகடுதான். நியூட்ரலில் தடி நேராக நின்றதும், நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்து இறுக்கினார்.

"பெட்டி நல்லம் சேர். கை சொல்றது அதுக்குப் போய்ச் சேரல்ல."

பாடம் ஏறாத பிள்ளையை 'மண்டையில் ஒன்றுமில்லை' என்று ஒதுக்கும் பேச்சு ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும். இப்போது நான் சொல்லும் பதில் காக்காவின் வாக்கியம்தான்.

அன்று பின்னேரம் வாப்பா சீனன்குடா வரை ஓட்டிவிட்டு வந்தார். விற்பதைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை.