தில்லியில் ஜீப்புகளின் மறுபிறவி

தில்லிக்கு வரும் சுற்றத்தாரை நாம் எங்கெங்கே அழைத்துச் செல்கிறோம் என்பது யாவரும் அறிந்ததே. செங்கோட்டை, குதுப் மினார், ராஜ்காட், பிர்லா மந்திர், பிறகு ஆர்.கே. புரத்து மலை மந்திரில் முருகன் தரிசனம். மாலையில் கரோல் பாக் கடைவீதி. அத்துடன் தில்லி முடிந்துவிட்டதாக எண்ணி விடுகிறோம். ஆனால், இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த தில்லி ஒன்றும் உண்டு. அதனை எந்த வழிகாட்டி நூலும் சிறப்பித்துக் கூறுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப் ஒன்று இன்று ஏதோ ஒரு தேசத்தில் புத்துருப் பெற்று உலா வருகிறதென்றால், அதன் உறுப்புகளில் ஒன்றிரண்டேனும் வட இந்தியப் பட்டறைகளில் பிறந்தவையாக இருக்கக்கூடும். செய்வாரின்றி மறைந்துபோன பாகங்களைப் பழைய மாதிரி பார்த்து மீண்டும் செய்து தருவது ஒரு தனித் தொழிலாகவே இங்கு வளர்ந்திருக்கிறது. அத்தொழிலை அறிய விரும்புவோர் முதலில் காண வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று காஷ்மீரி கேட், மற்றொன்று மாயாபுரி.

காஷ்மீரி கேட்

மெட்ரோ ரயிலின் சிவப்பு, மஞ்சள், ஊதாத் தடங்கள் மூன்றும் கூடும் நிலையம் காஷ்மீரி கேட். வெளியே வந்ததும் இரட்டை வளைவு கொண்ட பழைய நகர வாயிலைக் காணலாம். 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலப் படை இவ்வாயிலை வெடி வைத்துத் தகர்த்து நகரினுள் நுழைந்தது. குண்டு துளைத்த வடுக்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. அவ்வடுக்களுக்கு அருகிலேயே நாட்டின் பெரிய மோட்டார் உதிரிப் பாகச் சந்தைகளுள் ஒன்று விரிந்து கிடக்கிறது.

சந்துகள் மிகக் குறுகியவை. தள்ளுவண்டியும், தலைச்சுமையும், தேநீர்ப் பையனும் ஒரே நேரத்தில் வழி கேட்பார்கள். ஒரு கடையில் பிஸ்டன் வளையங்கள் மட்டுமே கிடைக்கும், அடுத்த கடையில் ரப்பர்ச் சாமான்கள், அதற்கடுத்ததில் விளக்குகள். "ஜீப்புக்குச் சாமான் வேண்டும்" என்றால் கடைக்காரர் உடனே எடுத்துத் தருவதில்லை. "எந்த வருஷத்து வண்டி? லோ பானட்டா, ஹை பானட்டா?" என்றுதான் முதலில் கேட்கிறார். முன்மூடி தாழ்ந்தது போர்க்கால ஜீப், உயர்ந்தது பிற்காலத்தது. இந்த ஒரு கேள்வியில் ஜீப்பின் சரித்திரமே அடங்கியிருக்கிறது.

ஜீப் வந்த கதை

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களாலும் இழுக்கப்படும் ஒரு சிறு வண்டி வேண்டுமென்று கம்பெனிகளைக் கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. எனினும், போர்க்காலத் தேவையின் பெரும் பகுதியை வில்லிஸ், போர்டு என்னும் இரு கம்பெனிகளே செய்து தந்தன. 1945-க்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. நான்கு சிலிண்டர், 60 குதிரைச் சக்தி; அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி வண்டியின் பாகம் மற்றக் கம்பெனி வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று ராணுவம் விதித்த நிபந்தனைதான் முக்கியமானது. போர்க்களத்தில் இரண்டு உடைந்த வண்டிகளைக் கொண்டு ஓடக்கூடிய ஒரு வண்டியை உருவாக்கிவிட முடிந்தது.

பர்மாப் போர்முனை காரணமாக அஸ்ஸாமுக்கும் வங்காளத்துக்கும் ஜீப்புகள் ஏராளமாக வந்தன. போர் முடிந்ததும் பல இங்கேயே விற்கப்பட்டன. பழைய ஜீப்பை நம்பி நம் நாடு ஏமாந்த வரலாறும் உண்டு. காஷ்மீரப் போரின்போது, 1948-இல், செப்பனிடப்பட்ட ஜீப்புகளுக்கு இங்கிலாந்தில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் ஓடும் நிலையில் இல்லை. பாராளுமன்றத்தில் பெரும் புயலைக் கிளப்பிய விவகாரம் அது. செப்பனிட்டது என்ற சொல்லை மட்டும் நம்பலாகாது என்பதை நாடு அன்றே கற்றது.

பின்னர் மகீந்திரா கம்பெனி, வில்லிஸ் உரிமத்தின் பேரில், பம்பாய் மஜ்காவில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பிற நாடுகளில் அவ்வடிவம் வழக்கொழிந்த பின்னும் இங்கே பல பத்தாண்டுகள் அது தொடர்ந்தது. போர்க்கால ஜீப்பின் முன் அச்சும், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியும் பெரிய மாறுதலின்றி ஹை பானட் வண்டியிலும் இடம்பெற்றன. ஆகவே, அவற்றுக்கான உதிரிப் பாகங்களைச் செய்யும் சிறு பட்டறைகள் தில்லியிலும் லூதியானாவிலும் தழைத்தன. உலகெங்கும் பழைய ஜீப்பைப் போற்றுவோர் இந்தியாவை நாடி வருவதன் இரகசியம் இதுவே.

மாயாபுரி

காஷ்மீரி கேட்டிலிருந்து சிவப்புத் தடத்தில் நேதாஜி சுபாஷ் பிளேஸ் வரை சென்று, அங்கே இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறினால் மாயாபுரி நிலையத்தில் இறங்கலாம். இந்திரப்பிரஸ்தத்தில் பாண்டவர்க்கு மயன் என்னும் அசுரத் தச்சன் அற்புத மண்டபம் அமைத்தான் என்கிறது மகாபாரதம். இந்தப் பெயரைக் கேட்டவுடன் நமக்கு அவன் நினைவு வருகிறது. ஆனால் இங்கே காண்பது மண்டபம் அன்று. மலை மலையாய்ப் பழைய இரும்பு.

எஞ்சின்கள் ஒரு குவியல், அச்சுகள் ஒரு குவியல், கதவுகள் ஒரு குவியல். ராணுவம் கழித்து ஏலமிட்ட வண்டிகளின் எச்சங்களும் இத்தகைய சந்தைகளை வந்தடைகின்றன. ஜபல்பூரில் ஜெர்மானிய உரிமத்தில் 1959 முதல் உருவான சக்திமான் லாரி, நிஸ்ஸான் உரிமத்தில் 1969 முதல் உருவான ஜோங்கா ஆகியவற்றின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அவற்றைக் காப்பாற்ற விரும்புவோர்க்கும் இனி இக்குவியல்களே கதி.

உழைப்பாளிகள் கையுறை கூட இல்லாமல் இரும்பைப் பிரிக்கும் காட்சி மனத்தை உறுத்துகிறது. 2010-இல் ஒரு கல்வி நிலையம் ஏலத்தில் விற்ற பழைய கருவி ஒன்று இங்கு வந்து சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்ததை அறியாமல் அதைப் பிரித்தார்கள். பலர் நோயுற்றார்கள், ஓர் உயிர் போயிற்று. ஒரு பொருள் இன்னது என்று சொல்லாமல் அதைக் கைமாற்றுவது எத்தகைய கொடுமை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வார்ப்பும் அடிப்பும்

குவியலில் கிடைக்கும் பழைய பாகம் தேய்ந்தும் துருப்பிடித்தும் இருக்கும். அதை அப்படியே வண்டியில் பூட்ட முடியாது. ஆனால் அது புதிய பாகத்துக்குத் தாயாகும். மாயாபுரியை அடுத்த ஒரு பட்டறையில், முதிய சர்தார்ஜி ஒருவர் இவ்வேலையை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

பற்சக்கரப் பெட்டியின் கூடு வார்ப்பிரும்பால் ஆனது. பழைய கூட்டை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றினால் புதிய கூடு கிடைத்துவிடும் என்று நாம் நினைப்போம். கிடைக்கும், ஆனால் பொருந்தாது. உருகிய இரும்பு ஆறும்போது ஓர் அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் சுருங்குகிறது. எனவே பழைய பாகத்தையே அச்சாக வைத்தால் பிள்ளை தாயைவிடச் சிறியதாகிவிடும். தாயின் தேய்மானமும் பிள்ளையிடம் சேரும். இதனால், தேர்ந்த தச்சர் ஒருவர் மரத்தில் தனி மாதிரி செய்கிறார். சுருக்கத்துக்கு ஏற்பச் சற்று நீட்டிக் குறிக்கப்பட்ட தனி அளவுகோல் அவரிடம் இருக்கிறது. பிறகு கடைசலில் சீவி எடுக்க வேண்டிய கனத்தையும் அவர் கூட்டி வைக்கிறார். கூட்டின் உள்ளே வெற்றிடம் வேண்டுமாதலால், அதற்கென மணலாலேயே ஒரு கரு செய்து நடுவில் நிறுத்துகிறார்கள். கோவையிலிருந்து வந்த அன்பர்களுக்கு இவ்வேலை புதிதன்று. வார்ப்படசாலை அவர்கள் ஊரின் பெருமையாயிற்றே!

வார்த்த கூடு கடைசல் இயந்திரத்துக்குச் செல்கிறது. அமெரிக்க வண்டியாதலால் துளைகளும் திருகுப் புரிகளும் அங்குல அளவினவே. மில்லிமீட்டர்த் திருகைப் புகுத்தினால் முதற்சுற்று ஏறும். இரண்டாவது சுற்றில் புரி நசுங்கும். அச்சுத் தண்டுக்கோ எஃகு வேண்டும். அதன் மேற்புறம் தேயாத கடினமும், உட்புறம் முறியாத உறுதியும் பெறுமாறு உலையில் பதம் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான பாடத்தைச் சர்தார்ஜி சொல்லால் கூறவில்லை. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கை இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வண்ணம் பூசிய இரண்டும் பார்வைக்கு ஒன்றே. சிறு சுத்தியலால் ஒன்றைத் தட்டினார். கோயில் மணிபோல் ஒலித்தது. மற்றதைத் தட்டினார், மரத்தைத் தட்டியதுபோல் மந்தமாய் ஒலித்தது. முன்னது எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கியது. பின்னது வெறும் வார்ப்பிரும்பு. முன்னது பள்ளத்தில் விழுந்தால் வளையும். பின்னது முறியும். வண்டியில் இருப்பவர் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "விலை பாதிதான். ஆனால் இதை நான் விற்க மாட்டேன், காட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கிறேன்" என்றார்.

குறியின் கௌரவம்

போர்டு கம்பெனி தன் ஜீப்பின் பாகங்களில், திருகாணித் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்திருந்தது. இன்று பழைய வண்டியின் மதிப்பை ஆராய்வோர் அவ்வெழுத்தைத் தேடுகின்றனர். அதனால் அவ்வெழுத்தோடு கூடிய புதிய திருகாணிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. புதியது என்று சொல்லி விற்றால் அது கைத்திறன். பழையது என்று சொல்லி விற்றால் வஞ்சகம். பொருள் ஒன்றே, சொல்லும் சொல்லில்தான் வேறுபாடு.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. 50 ஆண்டு கடந்த வண்டி, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதலின்றி மூல வடிவில் இருந்தால், 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் பதிவு எண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. மூல வடிவம் என்பதைச் சட்டமே போற்றுகின்ற இக்காலத்தில், அளவு பிசகாமல் மறுபடி செய்பவரின் தேவை மேலும் பெருகுகிறது.

என் கருத்தில், திரும்பச் செய்த பாகம் தாழ்ந்ததன்று. பட்டறைக்காரர் தம் குறியையும் ஆண்டையும் மறைவான ஓரிடத்தில் பொறித்து வைப்பாரானால், வண்டியின் வரலாறும் பொய்க்காது. அவர் கைத்திறனும் பெயரின்றி மறையாது. வாங்குவோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

குழந்தைகளுக்குக் காட்டுங்கள்

பழைய வண்டிகளைப் பார்க்க விரும்புவோர்க்கு வழிகள் பல. தில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் பழைய கார்ப் பேரணி 1964-இல் தொடங்கியது. அரியானாவின் தாவுடுவில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில், அகமத்நகர் என்று நாம் அறிந்த ஊரில், 1994-இல் திறக்கப்பட்ட டாங்கி அருங்காட்சியகம் உள்ளது. அவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஆனால், அதோடு நில்லாமல், ஒரு வார்ப்படப் பட்டறையையும் முன்கூட்டியே அனுமதி பெற்றுக் காட்டுங்கள்.

இன்று பழைய பாகத்தை ஒளிக்கதிரால் அளந்து, கணினியில் உருவம் எழுதி, இயந்திரத்தால் மாதிரி செய்யும் முறையும் வந்துவிட்டது. அது நல்லதே. ஆனால் இரும்பு எவ்வளவு சுருங்கும், எங்கே தேய்ந்தது, எதை அடிக்க வேண்டும், எதை வார்க்கலாம் என்ற அறிவை மனிதர்தாம் அதற்குத் தர வேண்டும். அந்த அறிவு மரமாதிரி செய்யும் சில முதியவர்களிடம் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஒரு வாரம் அப்பெரியவர்கள் அருகில் அமர்ந்து கற்றால், இருவருக்கும் நன்மை.

இரும்பு எத்தனை முறை உருகினாலும் இரும்பே, மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். கை கற்ற வித்தையோ ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பக் கிடைப்பது அரிது. பழைய ஜீப்பைக் காப்பது என்பது, அதன் பாகத்தைப் பிழையின்றியும் பொய்யின்றியும் செய்யத் தெரிந்தவர்களைக் காப்பதேயாகும்.