அடிப்போர்வை

குளிர் மேலிருந்து வருகிறது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம், ஆகவே போர்த்திக்கொள்கிறோம். அது கீழிருந்தும் வரும் என்பதை என் 66-ஆம் வயதில், கடல் கடந்த ஓர் ஊரில், என் மகனிடம் கற்றுக்கொண்டேன்.

கணவரின் மறைவுக்குப் பின், 2019-இல் நான் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மகனோடு தங்கியிருந்தேன். அந்நகருக்கு வடக்கே, ஜார்ஜியா மாநிலத்து மலைக்காட்டில் ஸ்பிரிங்கர் என்றொரு மலை இருக்கிறது. 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் மாநிலம் வரை ஏறத்தாழ 3,500 கிலோ மீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. விடுமுறை வாய்க்கும்போதெல்லாம் மகன் அப்பாதையில் இரண்டொரு நாள் தனியே நடந்துவிட்டு வருவான். தந்தையை இழந்த துயரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. நடந்தே ஆற்றிக்கொண்டான் போலும்.

இரவில் அவன் தரையில் படுப்பதில்லை. இரு மரங்களுக்கிடையே நைலான் துணியைத் தூளி போலக் கட்டி, அதில் உறங்குவான். ஈரமும் கல்லும் சரிவும் அவனைத் தொடா. ஆனால் ஒரு குறை உண்டு. துணிக்கு அடியில் வீசும் காற்று, உடலின் சூட்டைக் கவர்ந்துகொண்டே இருக்கும். தடித்த உறக்கப்பைக்குள் புகுந்துகொண்டாலும் பயனில்லை. உடலின் பாரம் முதுகுக்குக் கீழுள்ள பஞ்சை நசுக்கிவிடும். நம்மைக் காப்பது பஞ்சன்று. பஞ்சு தன் இழைகளுக்கிடையே அசையாமல் பிடித்து வைத்திருக்கும் காற்றே. நசுங்கிய பஞ்சில் காற்று ஏது? ஆகவே தூளிக்கு வெளியே, அதன் அடிப்புறத்தில், பாரம் படாதவாறு ஒரு போர்வையை ரப்பர் கயிற்றால் தொங்கவிடுகிறார்கள்.

“அம்மா, நீங்களே ஒண்ணு தைச்சுத் தருவீங்களா?” என்று அக்டோபரில் மகன் கேட்டான். 28 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது!

உள்ளே எதை வைப்பது என்பதில்தான் எங்கள் பேச்சு நீண்டது. நான் இலவம்பஞ்சைச் சொன்னேன். அவன் சிரித்தான். மூட்டைக்குள் மடித்து மடித்துத் திணித்தால் அது சில நாள்களிலேயே கட்டிதட்டிப் போகும் என்றான். வாத்தின் தூவி மிக மென்மையானது, எடையும் குறைவு, சுருட்டினால் கையளவே ஆகும். ஆயினும் விலை அதிகம். அறை அறையாகத் தடுத்துத் தைக்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நனைந்தால் திரண்டு உயிரற்றுப் போகும். அம்மலைகளிலோ மழைக்குக் குறைவில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் நீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு வல்லது. காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் போர்வையே பகையாகிவிடும்.

எனவே செயற்கை இழையைத் தேர்ந்தோம். பாலியெஸ்டர் இழை நீரை உறிஞ்சாது. நனைந்தாலும் பெரும்பாலும் உப்பியே நிற்கும். சற்றே கனம், இடத்தையும் அடைக்கும், பலமுறை அமுக்கிச் சுருட்டினால் நாளடைவில் தளரும். எனினும் நம்பத்தக்கது. அதிலும் இரு வகை உண்டு. குட்டை இழைகளால் ஆனதை இடையிடையே தைக்காவிடில் இழைகள் ஓரிடத்தில் திரளும். கிளைமாஷீல்டு ஏபெக்ஸ் போன்றவை முறியாத நீள இழைகளால் ஆன விரிப்புகள். ஓரங்களை மட்டும் தைத்தால் போதும். சதுர மீட்டருக்கு 85, 122, 170, 200 கிராம் என்ற எடைகளில் அவை கிடைத்தன. உறைநிலையை ஒட்டிய இரவுக்கு 170 கிராம் போதும் என்பது தைத்துப் பழகியவர்களின் கணக்கு. 190 சென்டிமீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமுமாக வெட்டினோம். பஞ்சு மட்டும் ஏறக்குறைய 370 கிராம்.

“ஓரம் மட்டும் தைச்சாப் போதும்மா. நடுவுல ஊசி பட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குச் சென்றான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. குறுக்குத் தையல் இல்லாத மெத்தையை நான் கண்டதில்லை. இவனுக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம். 4 அங்குலத்துக்கு ஒரு வரியாக, நூல் பிடித்தாற்போல் தைத்து முடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. மாலையில் மகன் அதைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டான்.

நவம்பரில் மலைக்குப் போய் வந்தான். “எப்படிப்பா இருந்துச்சு?” என்றேன். “நல்லாத்தான் இருந்துச்சும்மா” என்றான். துவைப்பதற்காக அவன் மூட்டையைப் பிரித்தேன். மாற்றுடைகள் யாவும், மழைச்சட்டை உட்பட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து கசங்கியிருந்தன. இரண்டே இரவுக்கு இத்தனை உடையா? அடிப்போர்வையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். என் தையல் வரிகளில் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒட்டிக் கிடந்தன. வரிதோறும் ஒளி ஊடுருவியது. ஒளி வந்த வழியில்தான் குளிரும் வந்திருக்கும். என் பிள்ளை இரவெல்லாம் நடுங்கியிருக்கிறான். என் மனம் நோகுமே என்று அதையும் மறைத்திருக்கிறான்.

அவன் சொல்லைக் கேட்காமல் நான் தைத்தது அந்த ஒரு போர்வை மட்டும்தானா? அவன் படிப்பு, வேலை, அவன் துயரம் என எல்லாவற்றிலும் நடுவே ஊசி ஏற்றியவள் நான். “அழுதுவிடு, மனம் ஆறும்” என்று எத்தனை முறை நெருக்கியிருப்பேன்! பிரிந்துவிடக் கூடாதே என்று போட்ட தையல்கள்தாம். ஆனால் அவன் மூச்சுவிட வைத்திருந்த சிறு இடத்தை அவை அழுத்திவிட்டன.

அன்றிரவு ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். நூல் நீங்க நீங்க, பஞ்சு மெல்ல எழும்பியது. துணியில் ஊசித் துளைகள் மட்டும் எஞ்சின. மறுநாள் துணியை மாற்றி, ஓரங்களை மட்டும் தைத்து, அவன் முன் வைத்தேன். “நீ சொன்னதுதான் சரி, தம்பி” என்றேன்.

அவன் வீட்டின் பின்புறம் இரு மரங்களுக்கிடையே தூளியைக் கட்டி, என்னையே அதில் படுக்கச் சொன்னான். அடிப்போர்வையை இறுகக் கட்டினால் அது முதுகோடு நசுங்கும். தளரவிட்டால் இடைவெளியில் காற்று ஓடும். தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அவன் குனிந்து கயிற்றைச் சரிசெய்தான்.

“இப்போ எப்படிம்மா?”

“முதுகு குளிருதுப்பா.”

இன்னும் சிறிது இழுத்தான். சற்று நேரத்தில் கீழிருந்து வெதுவெதுப்பு எழுந்தது. ஒரு காலத்தில் நான் தூளி கட்டி ஆட்டிய பிள்ளை, தூளியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, தன் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.